எனக்கு ஞாபகம் இல்லாத இரண்டாம் பாதி

கால்பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியது எட்டு ஆண்டுகள். அதன் பிறகு உலு திராமில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியது இருபத்தாறு ஆண்டுகள். போன வருஷம் ஓய்வு பெற்றேன். கிடங்கைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. எல்லாருக்கும் அந்த எட்டு ஆண்டுகள்தான் வேண்டும். அதிலும் ஒரே ஓர் ஆட்டம்தான் வேண்டும்.

கிடங்கின் விளையாட்டு மன்றச் செயலாளர் புஷ்பா ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணே, இப்பல்லாம் தலையில அடிபட்டா உடனே வெளிய எடுத்துடுறாங்க. அதுக்குன்னு தனியா ஒரு ஆள மாத்திக்கலாமாம். உங்க காலத்துல எப்படிண்ணே?" என்று கேட்டார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து பார்த்தால், எனக்கே தெரியாத ஒன்றை எப்படி எழுதுவது என்று புரியவில்லை. தெரிந்தவரைக்கும் சொல்கிறேன்.

நான் பிறந்தது பாலோ பக்கத்தில் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டம். அப்பா குலை வெட்டுபவர். தோட்டத் திடலில் ஆடினேன், பள்ளிக்கு ஆடினேன், மாவட்டத்துக்கு ஆடினேன். இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆள் உயரம். வேகம் குறைவு. பயமும் குறைவு. இருபத்திரண்டு வயதில் ஜொகூரில் ஒரு கீழ்நிலை லீக் குழுவின் தேர்வுக்குப் போனேன். அந்தக் குழு இப்போது இல்லை, பெயர் வேண்டாம்.

தேர்வுக்கு வந்தவர்கள் அறுபது பேர் இருப்பார்கள். பயிற்றுநர் ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நின்றார். பெயர் ஹம்டான். முன்பு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர் என்பதால் எல்லாரும் 'சிகு' என்று கூப்பிட்டார்கள், மலாயில் வாத்தியார். ஆட்டம் முடிந்ததும் என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"கடைசி பத்து நிமிஷம் உன் கால்ல பந்தே படல. என்ன செஞ்சுகிட்டு இருந்தே?" என்று மலாயில் கேட்டார்.

"வலது பக்கத்து ஆள் மேல ஏறிப் போயிட்டான் சிகு. அவன் இடத்துல நின்னுகிட்டு இருந்தேன்."

அவர் தலையை ஆட்டவில்லை, சிரிக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் கடிதம் வந்தது.

சிகுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கத்த மாட்டார். மற்றக் குழுக்களின் பயிற்றுநர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள், தண்ணீர்ப் போத்தலை எட்டி உதைப்பார்கள். இவர் பக்கத்தில் வந்து, காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசுவார். அதனால் அவர் நடந்து வந்தாலே நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம்.

செவ்வாய்க்கிழமை தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குக் கயிற்றுப் பயிற்சி. எங்கள் நான்கு பேரின் இடுப்பையும் ஒரே நீளக் கயிற்றில் கட்டுவார். ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவில் எட்டுத் தப்படி தூரம். சிகு பந்தை இடம் மாற்றி மாற்றி உருட்டுவார். ஒருவன் முன்னால் ஓடினால் மற்ற மூவரும் ஓட வேண்டும், இல்லையென்றால் கயிறு இழுத்துக் கீழே தள்ளும். முதல் மாதம் முழுக்க விழுந்து எழுந்தோம். மூன்றாவது மாதம் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அவிழ்த்த பிறகும் இடுப்பில் கயிறு இருப்பது போலவே இருந்தது. பக்கத்து ஆள் நகர்ந்தால், பார்க்காமலே என் கால் நகரும்.

வியாழக்கிழமை தலைப்பந்து. கோல் கம்பத்தின் மேல் கட்டையிலிருந்து பழைய தோல் பந்து ஒன்று தொங்கும். மழை பெய்திருந்தால் நீரை உறிஞ்சிக் கல் மாதிரி கனக்கும். ஆளுக்கு ஐம்பது முறை முட்ட வேண்டும். பயிற்சி முடிந்து போகும்போது காதுக்குள் ஒரு வண்டு சுற்றும். அது சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடும் என்பதால் யாரும் அதை வலி என்று சொன்னதில்லை.

இன்னொன்று. யாராவது அடிபட்டு விழுந்தால் சிகு மெல்ல வந்து குனிந்து ஒரே வார்த்தைதான் கேட்பார்: "போலெ?" முடியுமா என்று அர்த்தம். "போலெ" என்று பதில் சொன்னால் எழுந்து ஆட வேண்டும். முடியாது என்று சொன்னால் அவர் திட்ட மாட்டார், உடனே வெளியே எடுத்துவிடுவார். ஆனால் அடுத்த ஆட்டத்தில் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். அவர் இதை விதி என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களே புரிந்துகொண்டோம். நான் எட்டு ஆண்டில் ஒருமுறைகூட முடியாது என்று சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது, மறைக்கவில்லை.

எங்கள் கோல் கீப்பர் சூசை. பொந்தியான்காரன். அவன் அப்பா மாதா கோயிலில் மணியடிப்பவர். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கம்பத்தையும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வான். குழு எங்களைத் தங்க வைத்த கடைவீட்டு மாடியில், என் கல்யாணம் வரைக்கும், நானும் அவனும் ஓர் அறை. ஆறு ஆண்டுகள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எதிராளிக்குப் புரியக்கூடாது என்று எங்களுக்குள் தமிழில்தான் கத்துவோம். "ஏறு", "விடு", "என்னுது", அவ்வளவுதான். அவன் "விடு" என்றால் நான் பந்தைத் தொட மாட்டேன், அவன் எடுத்துக்கொள்வான்.

ஒருமுறை வட மாநிலத்துக் குழு ஒன்றோடு ஆட்டம். உயரமாக ஒரு பந்து வந்தது. "விடுடா!" என்று சத்தம் கேட்டது. விட்டேன். பின்னாலிருந்து ஓடி வந்த அவர்கள் ஆட்டக்காரன் அதை அப்படியே கோலுக்குள் போட்டான். திரும்பிப் பார்த்தால் சூசை கம்பத்துக்கு அருகில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான்.

"நான் எங்கடா கத்துனேன்?" என்றான்.

கோல் போட்டவன் என்னைக் கடந்து போகும்போது கண்ணடித்தான். "நானும் தமிழந்தாண்ணே. கோவிச்சுக்காதீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் குழு முழுக்கச் சிரித்தது. சிகு மட்டும் என் இருக்கைக்கு வந்து குனிந்து, "சத்தத்தைக் கேக்காதே. ஆளைப் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி அந்த ஆட்டம்.

எனக்கு முப்பது வயது. பருவத்தின் கடைசி ஆட்டம், எங்கள் சொந்தத் திடலில். தோற்றால் லீக்கை விட்டு இறங்க வேண்டும், சமநிலை போதும். அன்று மாலை மழை தூறியது. எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் இடது காலணியின் நாடா அறுந்து, இரண்டு துண்டையும் முடிச்சுப் போட்டு இறுக்கியது ஞாபகம் இருக்கிறது. கோல் இல்லாமல் முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவர்களுக்கு ஒரு கார்னர். அவர்களுடைய முன்னணி ஆள், மொட்டைத் தலைக்காரன், என் சட்டையைப் பிடித்திருந்தான். பந்து உயர்ந்தது. நானும் உயர்ந்தேன்.

அதன் பிறகு உடை மாற்றும் அறை. நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். காலணி இல்லை. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர், தலை குனிந்து காலணியை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பக்கத்தில் இருந்தவனிடம், "பாதி ஆட்டமா?" என்று கேட்டேன். அவன் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான்.

சூசைதான் வந்தான். கண் சிவந்திருந்தது. "ஏண்டா?" என்றான். "ஏண்டா அப்படி செஞ்ச?"

"என்ன செஞ்சேன்?"

அவன் என்னை அடிக்கக் கை ஓங்கினான், பிறகு கையை இறக்கிக்கொண்டான்.

நடந்ததை நான் மற்றவர்கள் வாயால்தான் கேட்டேன். எனக்கும் மொட்டைத் தலைக்காரனுக்கும் தலை மோதியிருக்கிறது. அவனை வெளியே தூக்கிப் போயிருக்கிறார்கள். எனக்கு எங்கள் மருந்துப் பெட்டிக்காரர் லியோங் அங்கிள் ஐஸ் தண்ணீர் ஊற்றி, விரலைக் காட்டி எண்ணச் சொல்லியிருக்கிறார். சரியாக எண்ணினேனாம். சிகு வந்து "போலெ?" என்றாராம். நான் "போலெ" என்றேனாம். பாதி ஆட்ட இடைவேளை முடிந்து இரண்டாம் பாதியும் ஆடியிருக்கிறேன். நன்றாகவே ஆடினேனாம். இரண்டு பந்தைக் கோல் கோட்டிலிருந்து எடுத்தேனாம். பிறகு எழுபத்தாறாவது நிமிடம். பந்து என் காலில். பக்கத்தில் ஒருவரும் இல்லை. திரும்பி, எங்கள் கோலை நோக்கி ஓடியிருக்கிறேன். பாஸ் கொடுக்கப் போகிறான் என்று சூசை கையை விரித்திருக்கிறான். நான் இடது மூலையில் ஓங்கி அடித்திருக்கிறேன்.

ஒரு கோல். அந்த ஒரு கோலில் தோற்றோம். லீக்கை விட்டு இறங்கினோம்.

இது எனக்கு நடந்தது என்று நம்ப முடியவில்லை. யாரோ ஒருவனின் கதையை என் பெயர் வைத்துச் சொல்கிற மாதிரி இருந்தது.

வீட்டில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மறுநாள் காலை மாலதி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எங்களுக்குக் கல்யாணம் ஆகி நான்கு மாதம். டாக்டர் ஒரு சிறு விளக்கைக் கண்ணில் அடித்துப் பார்த்துவிட்டு, மூளை அதிர்ந்திருக்கிறது என்றார். விட்டுப்போன ஞாபகம் வருமா என்று கேட்டேன். "வரலாம். வராமலும் போகலாம். வந்தா அது உண்மையான ஞாபகமா, மத்தவங்க சொல்லிச் சொல்லி வந்ததான்னு உங்களாலயே பிரிக்க முடியாது," என்றார். கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஒரு வாரத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. அந்தக் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்பவர்கள் இருந்தார்கள், பிடிபட்டவர்களும் உண்டு. சாப்பாட்டுக் கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் பேச்சு மலாயிலிருந்து சீனத்துக்கு மாறும். "ஒருத்தன் தெரியாம அப்படி அடிப்பானா லா? கையத் தூக்கிக் கொண்டாடுனானே!" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். கொண்டாடினேனா? இதை அதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மாலதி இல்லாத நேரத்தில் என் பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினேன். அலமாரியில் சட்டைப் பாக்கெட் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தெரியாத ஃபோன் எண், யாராவது எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு, ஏதாவது இருக்கிறதா? ஒன்றும் இல்லை. பொந்தியானுக்கு பஸ் ஏறிப் போய் சூசையைப் பார்த்தேன். அவன் வீட்டு வாசலில் பனியனோடு மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"சூசை, அந்த வாரத்துல என்னப் பாக்க யாராச்சும் வந்தாங்களா?"

"என்னடா கேக்குற?"

"தெரியாத ஆளு யாராச்சும். நான் தனியா எங்கயாச்சும் போனேனா? பயிற்சியில நீதான என்கூட இருந்த."

அவன் குழாயை மூடினான். "மச்சான், நீ செஞ்சியா இல்லையான்னு என்கிட்டயா கேக்குற?"

"வேற யாருகிட்ட கேக்குறது?"

அவன் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். யாரும் வரவில்லை என்றான். நான் எங்கேயும் போகவில்லை என்றான். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னான். "அடிக்கறதுக்கு முன்னாடி என்னப் பாத்து சிரிச்சடா. அதத்தான் என்னால மறக்க முடியல."

கால்பந்துச் சங்கத்தின் விசாரணை ஜொகூர் பாருவில், ஓர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில். அதற்கு முதல்நாள் சிகு என்னை அழைத்தார். திடலில் யாருமில்லை. கோட்டோரம் நடந்துகொண்டே பேசினார்.

"வேணும்னு செஞ்சியான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லு. ஒரே வார்த்தை. விளக்கம் கொடுக்காதே."

"எனக்கு ஞாபகம் இல்லையே சிகு."

"ஞாபகத்தைப் பத்தி அவங்க கேக்க மாட்டாங்க."

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். டாக்டரின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "அந்தப் பந்தை நீங்க வேணும்னே உங்க கோலுக்குள்ள அடிச்சீங்களா?"

இல்லை என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அது ஒரு சின்ன வார்த்தை. ஆனால் எனக்குத் தெரிந்ததைத்தானே நான் சொல்ல முடியும்? அந்த நிமிடத்தில் நான் அங்கே இல்லை. இல்லாத இடத்தைப் பற்றி எப்படிச் சத்தியம் செய்வது?

"தெரியாதுங்க," என்றேன்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த சிகு கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியாதுன்னா?"

"நான் அப்படிச் செய்யற ஆள் இல்லைங்க. ஆனா செய்யலைன்னு சொல்ல எனக்கு ஞாபகம் வேணும். அது இல்ல."

வலது பக்கம் இருந்தவர் இளையவர். அவர் கேட்டதுதான் இன்றுவரைக்கும் என்னைத் தூங்கவிடாத கேள்வி. "பாதி ஆட்டத்துக்கு அப்புறம் முப்பது நிமிஷம் சரியான பக்கம்தானே பந்தை அடிச்சீங்க? சரியான ஆளைத்தானே மடக்கினீங்க? அந்த ஒரு நிமிஷம் மட்டும் எப்படி குழம்பினீங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

சூசையைக் கூப்பிட்டார்கள். எனக்காகப் பேசினான். சிரித்ததைச் சொல்லவில்லை. சிகுவைக் கூப்பிட்டார்கள். "முடியுமான்னு கேட்டேன், முடியும்னு சொன்னான்," என்றார். அவ்வளவுதான். ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. போதிய ஆதாரம் இல்லாததால் விசாரணை முடித்துக்கொள்ளப்படுகிறது என்று இரண்டு வரி. குற்றவாளி என்றும் இல்லை, குற்றமற்றவன் என்றும் இல்லை. அதை மாலதியிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டு, "அப்ப சந்தோஷமா, இல்லையா?" என்று கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

குழு என்னை மறுபடி எடுக்கவில்லை. வேறு குழுக்களும் கூப்பிடவில்லை. ஒரு கூட்டாளி மூலம் உலு திராம் கிடங்கில் வேலை கிடைத்தது. ஃபோர்க்லிஃப்ட்டில் திரும்பும்போது மணி அடித்துத் திரும்ப வேண்டும், பின்னால் போகும்போது இரண்டு தோளையும் பார்க்க வேண்டும். முதல் வருஷம் நான் அளவுக்கு மீறிப் பார்ப்பேன். எந்தப் பக்கம் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். கூட வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

பதினோரு ஆண்டு கழித்து குளுவாங்கில் ஒரு கல்யாணத்தில் லியோங் அங்கிளைப் பார்த்தேன். காது மந்தமாகிவிட்டது. கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார்.

"பாதி ஆட்டத்துல நீ எங்கிட்ட மூணு தரம் கேட்ட. நம்ம எந்தப் பக்கம் அடிக்கிறோம் அங்கிள், எந்தப் பக்கம் அடிக்கிறோம்னு. நான் சிகுகிட்ட சொன்னேன். இவன் சரியில்ல, எடுத்துடுங்கன்னு சொன்னேன்."

"சிகு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என்னைப் பாத்துட்டு திரும்பிக்கிட்டாரு." பிறகு, "விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடல தம்பி," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிகு வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் கோபமாகத்தான் போனேன். மலாய்க் கிராமத்து வீடு. ரம்புத்தான் மரத்தடியில் நாற்காலி போட்டுக்கொடுத்தார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் வந்த காரணம் சிகுவுக்குத் தெரிந்திருக்கிறது.

"லியோங்கைப் பாத்தியா?"

"பாத்தேன் சிகு. அவரு சொன்னது உண்மையா?"

"உண்மை."

"ஏன் சிகு எடுக்கல?"

"ஒரு மாத்து ஆள்தான் மிச்சம் இருந்தான். நீ இல்லைன்னா தற்காப்பு உடைஞ்சிடும். இன்னொரு நாப்பத்தஞ்சு நிமிஷம் தாங்கிடுவேன்னு நினைச்சேன்." அவர் தேநீரைத் தொடவில்லை. "விசாரணையில அதைச் சொல்லியிருந்தா உன்னைக் காப்பாத்தியிருக்கலாம். என்னைக் காப்பாத்திக்கிட்டேன்."

இப்படி நேராகச் சொல்லிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. வழியில் தயார் செய்த சொற்கள் ஒன்றும் உதவவில்லை.

"நான்தானே சிகு முடியும்னு சொன்னேன்," என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. திட்டப் போனவன் அவர் பக்கம் பேசிவிட்டேன்.

"தலையில அடிபட்டவன்கிட்டப் போயி முடியுமான்னு கேக்குறது என்ன கேள்வி?" என்றார் சிகு. "எத்தனை பேர்கிட்ட அப்படிக் கேட்டிருக்கேன்!"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வையா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து கையைப் பிடித்தார். கோபத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லலாம், விடவில்லை என்றும் சொல்லலாம். அவர் போன நோன்புப் பெருநாளுக்கு முன் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போனேன். மண் போடும்போது அழுதேன். எதற்கு என்று கேட்டால் ஒன்றுக்கு மேல் காரணம் இருக்கும், வரிசைப்படுத்த முடியாது.

ஆனால் லியோங் சொன்னதால் எல்லாம் தெளிந்துவிட்டதா? இல்லை. பக்கம் தெரியாமல் குழம்பினேன் என்றால், அந்த முப்பது நிமிடம் சரியான பக்கம் அடித்தது யார்? இடுப்புக் கயிறா? பக்கத்து ஆள் நகர்ந்ததைப் பார்த்து நகர்ந்தேனா? தனியாகப் பந்து கிடைத்த ஒரே நிமிடத்தில் மட்டும் நானாக முடிவு செய்து தவறினேனா? இது நானே கட்டிக்கொண்ட விளக்கம். டாக்டர் சொன்ன மாதிரி, இதை நம்ப விரும்புகிறேனா, இது உண்மையா என்று பிரிக்க முடியவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் சூசை வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். அன்றைக்கு எதிர்க் குழுவின் ஆதரவாளர் ஒருவர் கையடக்கக் கேமராவில் எடுத்த பழைய கேசட்டை அவர் மகள் இப்போது மாற்றி இணையத்தில் போட்டிருக்கிறாள். சூசை கூடவே ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தான். "மச்சான், பாக்கறதா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு. நான் பாத்துட்டேன். அன்னிக்கு நான் உன்ன சந்தேகப்பட்டேண்டா. மன்னிச்சுக்க."

இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, மாலதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து திறந்தேன்.

படம் மங்கல். மழைத் தூறல். நீளமான ஓர் ஆள் பந்தோடு ஓடுகிறான். என் நடை, என் தோள். கோல் கீப்பர் கையை விரிக்கிறான். இவன் அடிக்கிறான். பந்து மூலையில் போய் விழுகிறது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் படம் நிற்கவில்லை. அவன் இரண்டு கையையும் தூக்குகிறான். வாய் நிறையச் சிரிக்கிறான். கூட்டாளிகள் சிலை மாதிரி நிற்கிறார்கள், அவன் கவனிக்கவில்லை. கூரை போட்ட பார்வையாளர் மேடை இருக்கும் பக்கமாக, கை விரித்து, குழந்தை மாதிரி ஓடுகிறான்.

நான் எட்டு ஆண்டில் ஒரு கோல்கூட அடித்ததில்லை. தற்காப்பு ஆட்டக்காரன், கார்னருக்குக்கூட மேலே போக மாட்டேன். கோல் அடித்தவன் முகம் எனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் பார்த்தேன். விற்றவன் முகம் இல்லை அது. அதுவரைக்கும் எனக்கு நிச்சயம். ஆனால் அந்தச் சந்தோஷம் எனக்குச் சொந்தமானதா, அதை நான் வைத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

"எங்க ஓடுறேன் நான்?" என்று கேட்டேன்.

மாலதி கீரையைக் கீழே வைத்தாள். "எங்கிட்டதாங்க."

"நீ அங்க இருந்தியா?"

"மேடையில மூணாவது வரிசையில. மொத தரம் ஆட்டம் பாக்க வந்தேன். சொல்லாம வந்து உங்களுக்கு ஆச்சரியம் குடுக்கலாம்னு." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பாதி ஆட்டத்துக்கு அப்புறம் பக்கம் மாறுவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க கோல் போட்டுட்டீங்கன்னு நினைச்சேன்."

படத்தை மறுபடி ஓட்டினாள். ஓரத்தில், தூறலுக்கு அப்பால், மேடையின் ஒரு மூலை தெரிகிறது. எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு மஞ்சள் உடை எழுந்து நிற்கிறது.

"நான் ஒருத்திதான் எழுந்து கைதட்டினேன். அதப் பாத்துட்டுதான் எங்கிட்ட ஓடி வந்தீங்க," என்றாள். "பக்கத்துல இருந்த அம்மா என் கையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சாங்க. இத்தன வருஷமா உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அந்த மஞ்சள் உடையை விரலால் தொட்டேன்.

"இன்னொரு தரம் போடு," என்றேன்.